தறி நிற்கும்வரை காத்திருக்கிற வீடு: சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மெடிக்கல் கோடிங்கில், அதாவது டாக்டரின் குறிப்புகளைப் படித்துக் குறியீடு போடும் வேலையில், பல வருட அனுபவமுள்ள ஒரு பெண். ஆபீஸுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். வீட்டிலிருந்து வேலை என்று ஆன சில மாதங்களில் அவருடைய துல்லியம் 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது, அங்கேயே நின்றுவிட்டது. இந்தத் தொழிலில் பெரும்பாலான நிறுவனங்கள் வைத்திருக்கும் குறைந்தபட்ச வரம்பு அந்த 95. தரப் பிரிவிலிருந்து எச்சரிக்கை மெயில் போய்விட்டது. அவரும் வேலையை விட்டுவிடலாமா என்ற யோசனையில் இருந்தார்.

அணியில் யாருக்காவது தரம் குறைந்தால் அவர்களோடு உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு. அப்படி இவருக்காகச் செய்ததன் முழு விவரம் இது. அவர் படித்துப் பார்த்து, "போடுங்கக்கா" என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

வேலையும் தப்புகளும்

சேலத்தில் பி.எஸ்சி., பி.பார்ம்., நர்சிங் முடித்த நிறையப் பேர் இந்த வேலைக்கு வருகிறார்கள். அமெரிக்க ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதிய குறிப்பை (சார்ட் என்போம்) படித்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்பதற்கு உரிய குறியீடுகளைப் போட வேண்டும். அதை வைத்துத்தான் இன்சூரன்ஸ் பணம் வரும். நோய்க்கு ஐசிடி-10-சிஎம், சிகிச்சைக்குப் பெரும்பாலும் சிபிடி என்ற குறியீட்டுத் தொகுப்புகள். 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா ஐசிடி-9ஐ விட்டு 10க்கு மாறியபோது, சுமார் 14,000 ஆக இருந்த நோய்க் குறியீடுகள் 68,000ஐத் தாண்டின. யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது. படித்து, தேடி, விதியைப் பார்த்துத்தான் போட முடியும்.

இந்த வேலையில் கவனம் என்பது எவ்வளவு சின்ன இடத்தில் நழுவும் என்பதற்கு அவருடைய தணிக்கைத் தாளிலிருந்தே ஒன்று. நோயாளிக்கு டைப் 2 சர்க்கரை நோய், அதனால் சிறுநீரக பாதிப்பு. இ11.22 போட்டாயிற்று, சரி. அதோடு சிறுநீரக நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்குத் தனிக் குறியீடு சேர்க்க வேண்டும். முதல் பக்கத்தில் டாக்டர் 'மூன்றாம் கட்டம்' என்று மட்டும் எழுதியிருந்தார். ஏழாம் பக்கத்தில் அதே டாக்டர் '3பி' என்று தெளிவாகக் குறிப்பிட்டிருக்கிறார். போட வேண்டியது என்18.32. அவர் போட்டிருந்தது என்18.30, அதாவது மூன்றாம் கட்டம், உட்பிரிவு தெரியவில்லை என்று பொருள்படும் குறியீடு. இன்னொரு சார்ட்டில் வலது முழங்கால் தேய்மானத்துக்கு எம்17.11 போடாமல் இடது காலுக்கான எம்17.12.

இரண்டும் தெரியாமல் செய்த தப்பு இல்லை. 3பி-க்கு என்ன குறியீடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். ஏழாம் பக்கத்துக்குப் போகும் வழியில் ஏதோ நடந்திருக்கிறது.

அதனால் தப்புகளை நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு சார்ட்டும் எப்போது திறக்கப்பட்டது, எப்போது முடிக்கப்பட்டது என்பது சிஸ்டத்திலேயே பதிவாகும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கண் சொருகும், தப்பெல்லாம் அங்கேதான் இருக்கும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பதிவு அப்படிச் சொல்லவில்லை. ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை வேலை சுத்தமாக இருந்தது. காலை பத்தரையிலிருந்து ஒரு மணி வரையிலும், நாலு மணிக்கு மேலும்தான் தப்புகள் குவிந்திருந்தன. இன்னொன்றும் தெரிந்தது. சார்ட் எண்ணிக்கை குறையவே இல்லை. இலக்கை ஒவ்வொரு நாளும் எப்படியோ எட்டியிருக்கிறார்.

வீட்டுக்குப் போனேன்

அம்மாபேட்டையைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. சேலத்தின் நெசவுப் பகுதிகளில் ஒன்று. விசைத்தறிச் சத்தம் கேட்காத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கைத்தறி குறைந்துவிட்டாலும் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. இவருடைய மாமனார் வீட்டு முன்னறையிலும் ஒரு குழித்தறி. அவர் இன்னும் பட்டு நெய்கிறார்.

முன்னறை, அதை ஒட்டி நூல் கட்டுகளும் பழைய சாமான்களும் போட்டு வைத்திருந்த ஒரு சின்ன அறை, அப்புறம் ஹால், பின்னால் சமையலறை. மாடியில் தகரம் போட்ட ஓர் அறை உண்டு. சித்திரை வெயிலில் அங்கே பத்து நிமிஷம் உட்கார முடியாது. அதனால் ஹாலில், டிவிக்குப் பக்கவாட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் லேப்டாப்பை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். இது தரப் பிரச்சினை மட்டுமில்லை. நோயாளிகளின் விவரம் வேறு யார் கண்ணிலும் படக்கூடாது என்பது 1996இல் அமெரிக்காவில் வந்த ஹிப்பா சட்டத்தின் அடிப்படை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கடந்துபோகிற ஹாலில் அந்தத் திரை இருந்திருக்கிறது. வீட்டில் இருந்து வேலை செய்யச் சொன்ன எங்கள் பக்கத்திலிருந்து யாரும் அவரிடம், "எங்கே உட்காருவீங்க?" என்று கேட்டதில்லை.

ஒரு வாரத்துக்கு நோட்டில் குறிக்கச் சொல்லியிருந்தேன். வேலையை விட்டுக் கண் நகர்ந்த ஒவ்வொரு தடவையும் மணி, காரணம், அவ்வளவுதான். ஒரு காலைப் பொழுது இப்படி இருந்தது:

"10.40, கேஸ் சிலிண்டர். 10.52, அத்தை, சாதத்துக்கு எத்தனை டம்ளர். 11.05, டீம் லீட் மெசேஜ், நேத்து சார்ட் ஒண்ணு பார்க்கச் சொன்னார். 11.09, பக்கத்து வீட்டு அக்கா, ரேஷன்ல பருப்பு போடறாங்களான்னு. 11.20, தணிக்கையிலிருந்து கேள்வி. 11.26, கூரியர், மூணாவது வீட்டுக்காரங்களுக்கு. 11.31, தணிக்கைக் கேள்விக்கு ஏன் பதில் வரலைன்னு மெசேஜ். 11.45, அத்தை, கொத்தமல்லி எங்க."

இந்தப் பட்டியலை நாலைந்து தடவை படித்தேன். எட்டில் மூன்று தடவை கூப்பிட்டது ஆபீஸ். வீட்டு வேலையில் கவனம் போகிறது என்று எச்சரிக்கை மெயிலில் எழுதிய அதே தரப் பிரிவு, பதினோரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை அவரை சார்ட்டிலிருந்து வெளியே இழுத்திருக்கிறது.

அன்று நான் பார்த்ததில் முக்கியமானது வேறொன்று. மாமனார் நெய்துகொண்டிருந்தார். மாமியாருக்கு அவரிடம் ஏதோ கேட்க வேண்டியிருந்தது. முன்னறை வாசல்படியில் வந்து நின்றார். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றுகொண்டே இருந்தார். மாமனார் ஒரு பூவை முடித்து, கையை எடுத்து, நிமிர்ந்தார். அப்புறம்தான் மாமியார், "கறிகாரருக்குப் பணம் குடுத்தாச்சா?" என்றார். அந்தக் கேள்விக்காக அவ்வளவு நேரம் நின்றார். அவரே அடுத்த சில நிமிஷத்தில் சமையலறையிலிருந்து, "ஏம்மா, பருப்பை எறக்கிடட்டுமா?" என்று மருமகளுக்குக் குரல் கொடுத்தார். மருமகள் திரையிலிருந்து கண்ணை எடுத்து, "எறக்கிடுங்க அத்தை" என்றார்.

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன், மாமாவை மட்டும் ஏன் நடுவில் கூப்பிடுவதில்லை என்று.

"தறி ஓடறப்ப கூப்பிட்டா கை தவறும் கண்ணு, இழை அறுந்துடும். இவ சும்மா பார்த்துக்கிட்டுத்தான இருக்கா?"

இதில் துளி வன்மம் கிடையாது. மருமகளின் சம்பளத்தில்தான் பேத்திக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் போகிறது என்பது அந்த அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் லேப்டாப் முன்னால் அசையாமல் உட்கார்ந்து படிக்கிற ஒருத்தியைப் பார்த்தால், எந்த நிமிஷத்தில் வேலை நடக்கிறது, எந்த நிமிஷத்தில் நடக்கவில்லை என்று எப்படித் தெரியும்? தறியில் கையும் காலும் ஓடுகிறது, சத்தம் கேட்கிறது, நின்றால் வீடு முழுக்கத் தெரிகிறது. வீட்டிலிருந்தே வேலை செய்வது இந்தத் தெருவுக்கு 2020 ஊரடங்கில் வந்த புதுப் பழக்கம் இல்லை. தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள்ளேயே தொழில் செய்தவர்கள். வேலை செய்கிறவரை எப்படி விட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவர்கள் கண்ணுக்கு வேலை தெரிந்தால் போதும்.

சரி, இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதே ஹாலில் அவருடைய கணவர் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தால் சாதத்துக்கு எத்தனை டம்ளர் என்று அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வேலை கண்ணுக்குத் தெரியாதது பாதிக் காரணம். மருமகள் வீட்டில் இருக்கிறாள் என்றாலே வீட்டு வேலைக்கு இருக்கிறாள் என்பது மீதிப் பாதி.

ஆய்வுகள் இந்த வீட்டுக்குள் என்ன சொல்கின்றன

வீட்டிலிருந்து வேலை செய்தால் உற்பத்தி கூடும் என்பதற்கு எல்லாரும் காட்டுகிற ஆய்வு ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் ப்ளூமும் சகாக்களும் சீனாவின் சிட்ரிப் நிறுவனத்தின் ஷாங்காய் கால் சென்டரில் ஒன்பது மாதம் நடத்தியது, 2015இல் வெளியானது. வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. இந்த எண்ணைச் சொல்லுகிறவர்கள் ஒரு நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். அதில் சேர வேண்டுமென்றால் வீட்டில் தனியறை இருக்க வேண்டும். கூடியதில் ஒரு பகுதி, வீட்டில் சத்தம் குறைவாக இருந்ததால் நிமிஷத்துக்கு அதிக அழைப்புகளை எடுக்க முடிந்ததால் வந்தது. நம் ஹாலில் அந்த அமைதி எங்கே இருக்கிறது?

நமக்குப் பக்கத்தில் நடந்த ஆய்வை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. டேவிட் ஆட்கின், அன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே மூவரும் சென்னையில் டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆட்களை எடுத்து, குலுக்கல் முறையில் சிலரை வீட்டிலும் சிலரை ஆபீஸிலும் உட்கார வைத்தார்கள். 2023இல் வெளியான முடிவு: வீட்டில் இருந்தவர்களின் உற்பத்தித்திறன் 18 சதவீதம் குறைவு. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

என்னை மிகவும் பாதித்தது அதன் அடுத்த பகுதி. வீட்டு வேலைதான் வேண்டும் என்று விரும்பியவர்கள் ஆரம்பத்தில் மற்றவர்களைவிட வேகமும் துல்லியமும் உள்ளவர்கள். ஆனால் வீட்டில் உட்கார்ந்தபோது அவர்களுக்குத்தான் சரிவு அதிகம், ஆபீஸோடு ஒப்பிட்டால் 27 சதவீதம். ஆபீஸை விரும்பியவர்களுக்கு வீட்டில் 13 சதவீதச் சரிவு மட்டுமே. குழந்தை, முதியவர் என்று வீட்டுப் பொறுப்பு உள்ளவர்கள் வீட்டு வேலையைக் கேட்கிறார்கள், அந்தப் பொறுப்பே அவர்களை வேலை செய்யவிடாமல் செய்கிறது என்பது இதற்கு ஒரு பகுதி விளக்கம். அம்மாபேட்டைப் பெண்ணுக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. நல்ல வேலைக்காரி, வீட்டிலிருந்தால்தான் வேலையே செய்ய முடியும், வீட்டிலிருப்பதாலேயே செய்ய முடியவில்லை.

எண்ணிக்கை குறையாமல் தரம் மட்டும் குறைந்தது ஏன் என்பதற்கு குளோரியா மார்க் குழுவின் 2008 ஆய்வு வழி காட்டியது. வேலைக்கு நடுவில் குறுக்கீடு வந்தவர்கள் வேகத்தைக் கூட்டி நேரத்தை ஈடுகட்டிவிட்டார்கள். பதிலுக்கு மன அழுத்தமும் எரிச்சலும் அவசரமும் கூடின. அந்தச் சோதனையில் வேலையின் தரம் கெடவில்லை. ஆனால் அது மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதும் வேலை. கடைசி இலக்கம் மாறினால் கால் மாறிவிடுகிற வேலையில் அவசரத்துக்கு வேறு விலை. சோஃபி லெரோய் 2009இல் எழுதியதும் இங்கே சேரும்: முடிக்காத வேலையை விட்டு எழுந்தால் மனதின் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. இவர் விஷயத்தில் இது இரண்டு திசையிலும் நடந்திருக்கிறது. சார்ட்டுக்குத் திரும்பினால் மனதில் பருப்பு, சமையலறைக்குப் போனால் மனதில் ஏழாம் பக்கம்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே சீராக ஓடும் சத்தத்தைவிட, மாறிக்கொண்டே இருக்கும் சத்தம், அதிலும் நமக்குப் புரிகிற மொழியில் காதில் விழும் பேச்சு, படிப்பையும் நினைவையும் அதிகம் குலைக்கிறது என்பது சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். விசைத்தறிச் சத்தம் அவரைத் தொந்தரவு செய்யவே இல்லை. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். பதினோரு மணிக்குத் தொடங்கும் சீரியல் வசனம்தான் குலைத்தது. ஒன்றரை மணிக்கு மேல் வேலை சுத்தமாக இருந்த ரகசியமும் அதுதான்: அந்த நேரத்தில் மாமியார் டிவியை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார்.

மாற்றியவை

முதலில் மாமியார். நோயாளி யாருடைய சார்ட்டையும் காட்ட முடியாது, காட்டவும் கூடாது. பயிற்சிக்கு நாங்களே எழுதி வைத்திருக்கும் கற்பனை சார்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தோம். மருமகளே விளக்கினார். "இவருக்கு வலது முழங்கால்ல தேய்மானம் அத்தை. இங்க கடைசியா ஒண்ணு போடணும். ரெண்டு போட்டா இடது கால்னு ஆயிடும். எது வலது, எது இடதுன்னு இந்தப் பக்கமெல்லாம் தேடித்தான் கண்டுபிடிக்கணும். நடுவுல எந்திரிச்சா மறுபடி முதல்லேர்ந்து." அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் பழைய பாவோடு, அதாவது தறியின் நீளவாக்கு இழைகளோடு, புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்கிற வேலை செய்தவராம். "அப்ப பாவு பிணைக்கிற மாதிரிதான். ஒரு இழை மாறினா சேலை பூரா தெரியும்" என்றார். பிறகு மருமகளைப் பார்த்து, "இதை ஏன்டி முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்து அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான். மற்றதெல்லாம் ஏற்பாடுகள்.

முன்னறையை ஒட்டிய அந்தச் சின்ன அறையைக் காலி செய்தார்கள். நூல் கட்டுகள் மாடிக்குப் போயின. ஒரு மேஜை, முதுகு சாயும் நாற்காலி, டேபிள் ஃபேன். கதவு இருக்கிறது. திரையின் முதுகு கதவைப் பார்க்கிற மாதிரி வைத்தோம், யார் வந்து நின்றாலும் நோயாளி விவரம் தெரியாது. தறிக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிட்டார், டிவிக்குத் தூரம். கதவு மூடியிருந்தால் வேலை ஓடுகிறது, திறந்திருந்தால் பேசலாம். மாமியார் இப்போது அந்தக் கதவுக்கும் காத்திருக்கிறார்.

இடைவேளையை மாமனாரின் இடைவேளையோடு சேர்த்தது அவர்களே கண்டுபிடித்த யோசனை. மாமனார் பதினோரு மணி வாக்கில் டீக்கு எழுவார், ஒரு மணிக்குச் சாப்பாடு, நாலு மணிக்கு மறுபடி டீ. தறி நின்றால் இவரும் கையிலிருக்கும் சார்ட்டை முடித்துக்கொண்டு எழுவார். வீட்டுக் கேள்விகள் எல்லாம் அந்த நேரத்துக்குச் சேர்ந்துகொண்டன. சில கேள்விகள் காணாமலே போய்விட்டன. கொத்தமல்லி இருக்கிற இடத்தை அத்தையே கண்டுபிடித்துவிட்டார். ஐப்பசி மழையில் தறிக்குழியில் ஈரம் ஏறித் தறி நின்றபோது இந்த ஏற்பாடு கொஞ்ச நாள் குலைந்தது. அப்போது கடிகார நேரத்துக்கு மாறினார்கள். அதற்குள் பழக்கம் ஊறியிருந்ததால் ஓடிவிட்டது.

சார்ட் நடுவில் எழுந்தே ஆக வேண்டிய நேரத்துக்கு ஒரு சிலேட்டு. மகள் எல்கேஜியில் எழுதியது. எழுவதற்கு முன் அதில் ஒரு வரி: "பக்கம் 5 முடிஞ்சது, கட்டம் பார்க்கணும்." பெயர் கிடையாது, எண் கிடையாது, மாலையில் துடைத்துவிட வேண்டும். காகிதத்தில் குறிப்பு எடுக்கக்கூடாது என்ற எங்கள் விதிக்கு இது உட்பட்டதா என்று தரப் பிரிவிடம் கேட்டு அனுமதி வாங்கினோம். எங்கே விட்டோம், திரும்பி வந்து எதைச் செய்ய வேண்டும் என்று எழுதிவிட்டு நகர்ந்தால் மனம் அதை விடுகிறது என்று லெரோய் பிற்பாடு தெரீசா க்ளோம்போடு 2018இல் எழுதியிருக்கிறார். சிலேட்டு யோசனை அங்கிருந்து வந்ததுதான்.

இதில் எடுபடாததும் உண்டு. 25 நிமிஷ டைமரை முயன்று பார்த்தார். 1980களின் கடைசியில் இத்தாலிய மாணவர் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தொடங்கிய முறை. பாடம் படிக்கிறவர்களுக்கு உதவலாம். உள்நோயாளி சார்ட் ஒன்றுக்கு அதைவிட அதிக நேரமாகும். மணி அடிப்பது சரியாக ஏழாம் பக்கத்துக்குப் போகும்போதுதான். இன்னொரு குறுக்கீட்டைக் காசு கொடுக்காமல் வாங்கிய மாதிரி ஆயிற்று. விட்டுவிட்டார். இப்போது அவருடைய அளவு ஒரு முழு சார்ட். சத்தத்தை மறைக்கும் ஹெட்ஃபோனும் நிலைக்கவில்லை, காது வியர்க்கிறது, மகள் கூப்பிடுவதும் கேட்காது.

கணவரிடம் பேச அதிகம் இருக்கவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்தக் கடையில் வேலை, காலையில் போனால் இரவுதான் வருவார். பள்ளியில் விடுவதை அவர் எடுத்துக்கொண்டார். கூரியர், சிலிண்டர் எல்லாம் தெருமுனைக் கடைக்காரர் பெயருக்கு மாறின.

ஆபீஸ் பக்கம்தான் கடினமாக இருந்தது. ஒருவர் மெசேஜ் அனுப்ப ஒரு நொடி போதும், அதனால் இன்னொருவருக்குப் போகும் நேரம் அவர் கண்ணில் படுவதில்லை. மாமியாருக்கு மருமகளின் வேலை தெரியாதது போலவே டீம் லீடுக்கும் தெரியவில்லை, அவரும் ஒரு காலத்தில் சார்ட் போட்டவர்தான் என்றாலும். அவரிடம் அந்த நோட்டுப் பக்கத்தைக் காட்டினேன். தணிக்கைக் கேள்விகளைச் சேர்த்து வைத்து ஒரு நாளில் இரண்டே நேரத்தில் அனுப்புவது, பதிலுக்கு அடுத்த இடைவேளை வரை பொறுப்பது என்று முடிவானது. இந்த வேலையில் யாரும் போனில் காத்திருப்பதில்லை. சார்ட்டைத் திருப்பித்தர நேரம் இருக்கிறது. உடனே பதில் வேண்டும் என்ற கட்டாயம் நாங்களே உண்டாக்கிக்கொண்டது.

ஏற்காட்டிலிருந்து இன்னொருவர்

இதே அணியில் ஓர் இளைஞர். கல்யாணமாகாதவர். ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டிய பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டார். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சத்தம் கிடையாது, புழுக்கம் கிடையாது, கூப்பிட ஆள் கிடையாது. பெற்றோர் இருவரும் கார்த்திகை, மார்கழி என்றால் காபிப்பழம் பறிக்கப் போய்விடுவார்கள். இவருக்குத் தனியறை, அமைதி எல்லாம் உண்டு. அவருடைய தரமும் குறைந்துதான் இருந்தது.

அவருடைய பதிவைப் பார்த்தால், பதினோரு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை இழுத்திருக்கிறார். நடுநடுவே நீண்ட இடைவெளி, எல்லாம் போன். மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை கம்பியில் விழுந்து கரண்ட் போனால் அன்றைக்கு அதோடு சரி. இங்கே குறுக்கே வர யாரும் இல்லை, கூடவே யாரும் இல்லாததுதான் பிரச்சினை. தொடங்கு என்று சொல்லவும் ஒருவருமில்லை, போதும் எழுந்து சாப்பிடு என்று சொல்லவும் ஒருவருமில்லை. சிட்ரிப் ஆய்விலேயே, முடிவில் விருப்பம் கேட்டபோது வீட்டிலிருந்து வேலை செய்தவர்களில் பாதிப் பேர் அளவுக்கு ஆபீஸுக்குத் திரும்பினார்கள். தனிமை பெரிய காரணம்.

இவருக்குச் செய்தது கொஞ்சம்தான். காலை ஒன்பது மணிக்கு அம்மாபேட்டைக்காரரும் இவரும் ஒரு நிமிஷம் போனில் பேசுவார்கள். "அக்கா, நான் இன்னைக்கு எமர்ஜென்சி சார்ட் எடுக்கறேன்." "சரிப்பா, பதினொண்ணுக்குப் பேசறேன்." அவ்வளவுதான். பதினொன்றுக்கு அம்மாபேட்டையில் தறி நிற்கும்போது மலையிலும் லேப்டாப் மூடுகிறது. மாலை ஆறரைக்கு வேலையை முடித்துவிட்டு வீட்டை விட்டு வெளியே நடந்து வர வேண்டும் என்று ஒரே ஒரு கட்டாயம் வைத்தேன். ரௌட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிக்கொண்டார். அவருடைய வேலை நேரம் சுருங்கியது, தரம் ஏறியது.

என்ன ஆனது, என்ன ஆகவில்லை

அம்மாபேட்டைப் பெண் இரண்டாவது மாதத் தணிக்கையில் 95ஐத் தாண்டினார். அதற்கு அப்புறம் இறங்கவில்லை. காலைத் தப்புகள் கிட்டத்தட்ட மறைந்தன. அவரிடம் கேட்டால் முதலில் சொல்லுவது மதிப்பெண்ணைப் பற்றி இல்லை. மாலையில் மகளிடம் எரிந்து விழுவது நின்றுவிட்டது என்கிறார்.

நாலு மணிக்கு மேல் வரும் தப்புகளுக்கு இந்த ஏற்பாடு எதுவும் முழுதாகப் பிடி கொடுக்கவில்லை. பள்ளி விட்டு வந்த குழந்தைக்கு மூடிய கதவு ஒரு பொருட்டில்லை, இருக்கவும் கூடாது. பாட்டி பார்த்துக்கொள்வார்தான், ஆனால் குழந்தை வந்தவுடன் தேடுவது அம்மாவை. நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை வேலையை நிறுத்தி, மிச்சத்தை இரவு எட்டுக்கு மேல் செய்ய அனுமதி கேட்டோம். தொடர்ந்து ஒன்பது மணி நேரம் லாகின் என்பது நிறுவன விதி. இப்போதைக்குத் தற்காலிகமாக அரை மணி நேரம் கிடைத்திருக்கிறது. அந்த அரை மணியில் கடினமான சார்ட் எடுக்காமல், அன்று புதிதாக வந்த விதிமுறைக் குறிப்புகளைப் படிப்பது, நிலுவைக் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது என்று வைத்திருக்கிறார்.

சில நாட்கள் எந்த ஏற்பாட்டுக்கும் அடங்காது. மேட்டூர்த் தண்ணீர் குழாயில் வரும் நாள் வீட்டில் எல்லாரும் குடத்தோடுதான் நிற்பார்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கு முந்தின நாள் செய்தித்தாளைப் பார்த்து, அன்றைக்கு வாரவிடுமுறையை மாற்றி எடுத்துக்கொள்கிறார். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு வீடு நிறைய உறவுக்காரர்கள் வந்தபோது, வேலை பார்ப்பதாகக் காட்டிக்கொண்டு தப்புப் போடுவதைவிட விடுப்பு எடுங்கள் என்று நானே சொன்னேன். எடுத்தார்.

கவனச்சிதறலுக்கு நம் ஆட்கள் கொடுக்கும் அறிவுரையெல்லாம் தனி ஆளைப் பார்த்துச் சொல்வது: சீக்கிரம் எழுந்திரு, போனைத் தள்ளி வை, மன உறுதியை வளர்த்துக்கொள். ஏற்காட்டுத் தம்பிக்கு அதில் ஒன்றிரண்டு உதவியிருக்கலாம். அம்மாபேட்டைப் பெண்ணுக்கு மன உறுதியில் என்ன குறை? பருப்பு இறக்கவா என்ற கேள்விக்கும் தணிக்கைக் கேள்விக்கும் நடுவில் தினமும் இலக்கை முடித்தவர் அவர். மாற வேண்டியிருந்தது அந்த வீடும் எங்கள் ஆபீஸும். வீடு ஒரே நாளில் மாறியது. ஆபீஸ் இன்னும் பாதிதான் வந்திருக்கிறது.

தணிக்கைக் கேள்விகளை நாளில் இரண்டு முறை மட்டும் அனுப்புவது இப்போது அணி முழுவதற்கும் நடைமுறை. வீட்டு வேலைக்கு மாறுகிறவர்களிடம் எங்கே உட்காருவீர்கள், கதவு இருக்கிறதா, பகலில் வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று கேட்டுவிட்டே லேப்டாப் கொடுக்கிறோம். லாகின் நேரத்தை இரண்டாகப் பிரிக்கும் கோரிக்கை நிர்வாகத்தின் மேஜையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் பள்ளி விடுமுறை தொடங்குவதற்குள் பதில் வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.